சம்பாவுக்கு முன் தக்கைப்பூண்டு: விதைப்பிலிருந்து மடக்கி உழுவது வரை

காவிரி டெல்டாவில் ஒருபோகம் சம்பா மட்டும் எடுக்கும் வயல், உளுந்தும் பயறும் அறுத்த பிறகு ஆடி, ஆவணி வரை வெறுமனே கிடக்கிறது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் இட வேண்டும் என்பது பல்லாண்டுப் பரிந்துரை. மாடு குறைந்துபோன ஊர்களில் அந்த 5 டன்னை எங்கே தேடுவது? வைக்கோலையும் இயந்திரத்தில் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறோம். மண்ணிலிருந்து எடுப்பது கூடிக்கொண்டே போகிறது, திருப்பிக் கொடுப்பது வேரும் அரிதாளும் மட்டும்தான்.

இந்த இடைவெளியில் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை விதைத்தால், 20 கிலோ விதையிலிருந்து 45 நாளில் ஏக்கருக்கு 8 முதல் 10 டன் பசுந்தழை வயலிலேயே கிடைக்கும். ஏற்றுக்கூலி இல்லை, இறக்குக்கூலி இல்லை. விதைப்பது எளிது என்பதால் பலரும் விதைக்கிறார்கள். பலன் நழுவுவது அதற்குப் பிறகுதான்: செடியைப் பச்சையாகவே மண்ணுக்குள் மடக்கி உழ வேண்டிய நாளைத் தள்ளிப்போடுவது ஒன்று, மடக்கி உழுத வயலுக்கும் வழக்கமான யூரியாவை அப்படியே கொட்டுவது இன்னொன்று. இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் மற்றதெல்லாம் சின்னச் சின்னத் திருத்தங்கள்தான்.

நடவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

விதை கையில் கிடைத்த நாளில் விதைத்துவிட்டு, பிறகு நடவுக்காகக் காத்திருப்பது தவறான வரிசை. முதலில் நடவு நாளைக் குறியுங்கள். அதற்குப் பத்து நாள் முன்னால் மடக்கி உழவு. அதற்கு 45 நாள் முன்னால் விதைப்பு. செப்டம்பர் 10-இல் சம்பா நடவு என்றால், ஆகஸ்ட் 31-இல் மடக்க வேண்டும், ஜூலை 17 வாக்கில் விதை மண்ணில் விழ வேண்டும். ஆனிக் கடைசி, ஆடி முதல் வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால் கடைமடைக்கும் அதற்குள் தண்ணீர் வந்துவிடும். திறப்பு தள்ளிப்போகும் ஆண்டுகளில் கோடை மழை ஈரத்தையோ ஆழ்துளைக் கிணற்றையோ நம்பித்தான் விதைக்க வேண்டியிருக்கும்.

குறுவையும் தாளடியும் என இருபோகம் எடுக்கும் வயலில் ஆடியில் இடமே இருக்காது. அங்கே சித்திரைதான் வாய்ப்பு: ஏப்ரல் நடுவில் விதைத்து ஜூன் முதல் வாரத்தில் மடக்குவது. பம்புசெட் உள்ளவர்களுக்கு மட்டுமே இது நடக்கும்.

நெல்லைப் புழுதியில் நேரடியாக விதைப்பவர்கள் இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும். சேற்றில் தழை ஒரு வாரம் பத்து நாளில் மட்கிவிடும். காய்ந்த மண்ணில் ஈரம் குறைவு என்பதால் மூன்று, நான்கு வாரம் எடுக்கும். அதற்குள் நெல் விதைத்தால் முளைக்கும் பயிர் மஞ்சளித்து நிற்கும்.

எந்த மண்ணுக்கு எது

களிமண், தண்ணீர் தேங்கும் பள்ளக்கால், உவர் தட்டிய வயல் என்றால் யோசிக்கவே வேண்டாம், தக்கைப்பூண்டுதான். முளைத்து இரண்டு வாரம் ஆகிவிட்டால் கணுக்கால் தண்ணீரையும் தாங்கும். வடிகால் நல்ல செம்மண், மணற்பாங்கான மண்ணில் சணப்பை வேகமாக வளரும். ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ விதை போதும். ஆனால் ஒருநாள் தண்ணீர் தேங்கினாலும் அடித்தண்டு அழுகிச் சாயும். ஆடுமாடு கட்டுக்கடங்காமல் மேயும் ஊரில் கொழிஞ்சி நல்லது, கால்நடை அதைத் தொடாது. அதன் விதைத்தோல் மிகக் கெட்டி. கொரகொரப்பான மணலோடு சேர்த்துத் தேய்த்தோ, கை பொறுக்காத சுடுநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டெடுத்தோ விதைக்காவிட்டால் பாதி விதை அடுத்த ஆண்டுதான் முளைக்கும். மணிலா அகத்தியில் தண்டிலேயே வேர்முடிச்சு வரும், தழையும் ஏராளம். ஆனால் விதையை அமிலத்தில் நேர்த்தி செய்ய வேண்டியிருப்பதால், பழக்கமில்லாதவர்கள் வீட்டில் அதைச் செய்து பார்க்க வேண்டாம். இனி வருவதெல்லாம் தக்கைப்பூண்டுக்கு உரியது.

விதையும் விதைப்பும்

ஏக்கருக்கு 20 கிலோ. மா கணக்கில் சொன்னால் ஒரு மாவுக்கு (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) ஆறரை, ஏழு கிலோ. 'அடர்த்தியாக விழுந்தால் விதைதானே வீண்' என்று 10 கிலோவில் நிறுத்துபவர்கள் உண்டு. அப்போது செடிகள் விலகி நின்று, கிளைத்து, அடித்தண்டு கட்டை விரல் கனத்துக்குத் தடித்துவிடும். டிராக்டரில் பூட்டும் சுழல் கலப்பையான ரோட்டவேட்டரில் அது அரைபடாது. நெருக்கமாக விதைத்தால்தான் தண்டு மெலிந்து, இலை கூடி, சேற்றில் சீக்கிரம் கரையும். களையும் தலைதூக்காது.

வாங்கிய விதையை அப்படியே வீசாமல், நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து நாலாம் நாள் பிரித்துப் பாருங்கள். எண்பது முளைத்திருந்தால் நல்ல விதை. அறுபதுக்குக் கீழே என்றால் மூன்று நான்கு கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். விதைப்புக்கு முந்தின இரவு தண்ணீரில் ஊறவைத்தால் முளைப்பு ஒரே சீராக வரும். காலையில் நீரை வடித்து, ஆறிய அரிசிக் கஞ்சியில் வேர்முடிச்சை உண்டாக்கும் ரைசோபியம் நுண்ணுயிர்ப் பொட்டலம் இரண்டைக் கரைத்து விதையோடு பிசறி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்திவிட்டு விதையுங்கள். தக்கைப்பூண்டே பார்த்திராத வயலில் இதைத் தவிர்க்க வேண்டாம். ஆண்டுதோறும் விதைக்கும் வயலில் அந்த நுண்ணுயிர் மண்ணிலேயே இருக்கும்.

கோடை உழவு ஓட்டிய வயலில் ஈரம் பார்த்து விதையை வீசி, கொக்கிக் கலப்பையை மேலாக ஒரு சால் விட்டு, பரம்பு இழுத்தால் போதும். விதை ஓர் அங்குலத்துக்குமேல் ஆழத்தில் போனால் களிமண்ணில் மேலே வராது. விதைத்த கையோடு பெருமழை கொட்டி மேல்மண் ஏடு கட்டிவிட்டால், காய்ந்து இறுகுவதற்குள் ஒரு தண்ணீர் விட்டு வடித்துவிடுங்கள், முளை மேலே வந்துவிடும். முதல் வாரத்தில் மட்டும் தண்ணீர் தேங்கக் கூடாது. வளர்ந்த தக்கைப்பூண்டு வெள்ளம் தாங்கும், முளைவிடும் விதை தாங்காது. பள்ளமான மூலையில் மட்டும் செடி இல்லாமல் வட்டமாக வெறிச்சோடி இருந்தால் காரணம் இதுதான்.

உரம் எதற்கு என்று கேட்பார்கள். தழைச்சத்தை (நைட்ரஜன்) அது காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். மணிச்சத்தை (பாஸ்பரஸ்) அப்படி எடுக்க முடியாது, அது குறைந்தால் வேர்முடிச்சும் குறையும். ஏக்கருக்கு ஒரு மூட்டை, 50 கிலோ சூப்பர் பாஸ்பேட்டைக் கடைசி உழவில் இட்டு, நெல்லுக்கு இடவேண்டிய மணிச்சத்தில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். செடி எடுத்துக்கொண்ட மணிச்சத்து தழையோடு மண்ணுக்கே திரும்பி நெல்லுக்குக் கிடைக்கும். சூப்பருக்குப் பதிலாக டி.ஏ.பி. இடாதீர்கள். அதிலுள்ள தழைச்சத்து கையெட்டும் தூரத்தில் கிடைத்தால் செடி முடிச்சு கட்டுவதில் சுணங்கும்.

மழை இல்லாவிட்டால் விதைத்த மூன்றாம் நாள் ஓர் உயிர்த்தண்ணீர், பிறகு பதினைந்து இருபது நாளுக்கு ஒரு தண்ணீர் போதும்.

முப்பதாம் நாள் வேரைப் பாருங்கள்

வயலின் நாலைந்து இடத்தில் செடியை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்தெடுங்கள், பிடுங்கினால் முடிச்சு அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். மண்ணைத் தண்ணீரில் அலசி, முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, இரத்தச் சாயலில் இருந்தால் அது தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் வேலை தொடங்கவில்லை. பச்சையோ பழுப்போ ஆகியிருந்தால் அதன் வேலை முடிந்துவிட்டது. எல்லா இடத்திலும் வெள்ளையாகவோ முடிச்சே இல்லாமலோ இருந்தால், தழை வரும், ஆனால் காற்றிலிருந்து வந்த சத்து அதில் இருக்காது. நெல்லுக்கு யூரியாவைக் குறைக்கும்போது அதை மனத்தில் வையுங்கள்.

நாற்பதாம் நாள் எடை. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்துக்குக் குச்சி நட்டு, அதற்குள் இருப்பதைத் தரையோடு அறுத்து நிறுத்துப் பாருங்கள். நல்ல இடம், சுமாரான இடம், மோசமான இடம் என்று மூன்று இடத்தில் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். ஓர் ஏக்கர் ஏறக்குறைய 4,000 சதுர மீட்டர். சராசரி இரண்டரைக் கிலோ என்றால் ஏக்கருக்கு 10 டன், ஒன்றரைக் கிலோ என்றால் 6 டன். இந்த எண்ணைக் குறித்து வையுங்கள், யூரியாக் கணக்குக்குத் தேவைப்படும்.

மடக்கி உழுவது

நாள் 42-க்கும் 48-க்கும் இடையில், முதல் பூ அங்கொன்றும் இங்கொன்றும் தெரியும்போது மடக்குங்கள். செடி அப்போது மூன்றரை, நாலு அடி இருக்கும். 'இன்னும் பத்து நாள் விட்டால் தழை கூடுமே' என்று தோன்றும். கூடுவது தழை இல்லை, நார். பூத்த பிறகு தண்டில் கரிமச்சத்து ஏறி, தழைச்சத்தின் விகிதம் இறங்கும். அப்படி முற்றிய தண்டை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்குப் போதாத தழைச்சத்தை மண்ணிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். நட்ட நாற்று இரண்டு மூன்று வாரம் வெளிறிக் கிடக்கும். 'தக்கைப்பூண்டு போட்டேன், பயிர் மஞ்சளாயிடுச்சு' என்ற புகாரில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். நாளை எண்ண மறந்துவிட்டால் அடித்தண்டை வளைத்துப் பாருங்கள். கையால் வளைத்ததும் சட்டென்று ஒடிந்தால் பருவம் சரி. ஒடியாமல் நார் நாராகத் தோல் உரிந்தால் பருவம் கடந்துவிட்டது.

மடக்குவதற்கு முந்தின நாள் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டுங்கள். தண்ணீர் கூடினால் தழை மிதந்து வரப்போரம் ஒதுங்கும். குறைந்தால் சக்கரத்தில் சுற்றும். முதலில் கேஜ் வீல் (சேற்றில் ஓட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்ட டிராக்டரால், பின்னால் பரம்பைக் கட்டிச் செடியை ஒரே திசையில் சாயுங்கள். பிறகு சாய்ந்த அதே திசையில் ரோட்டவேட்டர் ஓட வேண்டும். எதிர்த்திசையில் ஓட்டினால் தண்டு நிமிர்ந்து எழுந்து கத்தியைச் சுற்றிக்கொள்ளும், அரை மணிக்கொரு முறை வண்டியை நிறுத்தி அரிவாளால் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். டிராக்டர் வாடகை மணிக்கணக்கில் என்பதால் ஓட்டுநரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. முற்றிப்போன செடியை நேரே உழ முயல வேண்டாம், புல்வெட்டும் இயந்திரத்தால் ஒன்றிரண்டு துண்டாக அறுத்துப் போட்டுவிட்டு உழுங்கள். பவர் டில்லர் மட்டும் உள்ள இடத்தில் 40-ஆம் நாளுக்குள் மடக்கிவிட வேண்டும்.

உழுதபின் ஒரு வாரம் மடையை அடைத்து, தண்ணீரை வெளியே விடாமல் வைத்திருங்கள். கரைந்த சத்து அந்தப் பழுப்புத் தண்ணீரில்தான் இருக்கிறது, அதை வடித்தால் பக்கத்து வயலுக்கு உரம் போகிறது. ஏழாம் நாள் சேற்றில் இறங்கி மிதித்துப் பாருங்கள்: தழை கறுத்து வழவழப்பாகி, தண்டை நசுக்கினால் நசுங்க வேண்டும். பச்சையாகவே இருந்தால் இன்னும் மூன்று நாள். பிறகு ஒரு சால் சேற்றுழவு, பரம்பு, நடவு.

ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இடுவது டெல்டாவில் வழக்கம். ஏக்கருக்கு இரண்டரை டன்னுக்குக் குறையாமல் பசுந்தாள் மடக்கிய வயலுக்கு அதில் பாதி, 5 கிலோ போதும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை. 20 கிலோ மணலோடு கலந்து நடவுக்கு முன் தூவுங்கள், உழவில் புதைக்க வேண்டாம்.

யூரியாவை எவ்வளவு குறைப்பது

10 டன் பசுந்தழையில் உலர்ந்த எடை ஐந்தில் ஒரு பங்கு, 2 டன். அதில் இரண்டரை விழுக்காடு தழைச்சத்து என்று குறைத்தே வைத்தாலும் 50 கிலோ. அத்தனையும் முதல் பயிருக்குக் கிடைத்துவிடாது. பாதி என்று கொண்டால் 25 கிலோ. யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு, இப்போதைய 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 21 கிலோ. ஆக 10 டன் மடக்கிய ஏக்கரில் ஒரு மூட்டை யூரியாவைத் தயங்காமல் குறைக்கலாம். 6 டன் என்றால் முக்கால் மூட்டைக்கும் குறைவு, அரை மூட்டை குறைத்தால் பாதுகாப்பு.

எப்போது குறைப்பது என்பதும் முக்கியம். அடியுரமாக இடும் யூரியாவை முழுதாக நிறுத்துங்கள். மட்கும் தழை நட்ட முதல் மாதத்தில்தான் அதிகம் விடுவிக்கும், அந்த நேரத்து யூரியா நேரே வீண். மேலுரத்துக்கு, வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் உள்ள இலை வண்ண அட்டையைப் பயன்படுத்துங்கள். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, முழுதாக விரிந்த மேல் இலையை, உங்கள் நிழலில் மறைத்துப் பிடித்து, பத்துச் செடியில் பார்க்க வேண்டும். ஆறு செடியிலாவது இலை 4-ஆம் பட்டையைவிட வெளிறியிருந்தால் உரம் இடலாம். வெள்ளைப் பொன்னிக்கு 3-ஐவிட வெளிறும் வரை பொறுக்கலாம்.

பழக்கத்தால் முழு யூரியாவையும் இட்டால் பயிர் கருகருவென்று பார்க்க அழகாக நிற்கும். அந்தக் கரும்பச்சையில்தான் இலைச்சுருட்டுப் புழு, குலைநோய், கடைசியில் புகையான். தப்பித்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் சாயும். பசுந்தாளுக்குச் செலவழித்ததும் போய் மருந்துச் செலவும் சேரும்.

வேர் கறுத்தால்

வடிகால் இல்லாத பள்ளத்தில், பத்து டன் தழை மடக்கி, ஐந்தாம் நாளே நட்டால் மண்ணில் காற்றில்லாமல் நச்சு வாயு தேங்கும். நடக்கும்போது குமிழ் கிளம்பும், அழுகிய முட்டை வாடை வரும். ஒரு நெற்குத்தைப் பிடுங்கிப் பாருங்கள்: வேர் வெள்ளையாக இல்லாமல் கறுத்திருந்தால் இதுதான். யூரியாவோ நுண்ணூட்டமோ இதற்கு மருந்தில்லை, வேரால் எதையும் எடுக்க முடியாது. தண்ணீரை முழுக்க வடித்து, மண்ணில் முடிக்கனம் வெடிப்பு விழும்வரை மூன்று நான்கு நாள் விடுங்கள். புது வெள்ளை வேர் ஒரு வாரத்தில் வந்துவிடும். அப்படிப்பட்ட பள்ளத்தில் அடுத்த ஆண்டு தழையில் பாதியை அறுத்து மேட்டு வயலுக்குக் கொண்டுபோய்ப் பரப்புங்கள்.

களர் நிலமென்றால்

கார அமிலநிலை (pH) எட்டரைக்குமேல் உள்ள களர் மண்ணில், திருச்சி மணிகண்டம் பகுதி போன்ற இடங்களில், தக்கைப்பூண்டு மட்டும் போதாது. மண் பரிசோதனை சொல்லும் அளவு ஜிப்சம் இட்டு, சேற்றுழவு ஓட்டி, தண்ணீர் கட்டி ஓரிரு நாள் வைத்து வடித்த பிறகுதான் பசுந்தாளின் முறை. வடிகால் வெட்டாமல் ஜிப்சம் போட்டால் சோடியம் வயலிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கடலோர உவருக்கு ஜிப்சம் பதில் இல்லை, நல்ல தண்ணீர் கட்டி உப்பைக் கழுவி வடிப்பதுதான் வழி.

மண் மாறுகிறதா என்று பார்ப்பது

அறுவடை முடிந்து, அடுத்த உரம் இடுவதற்கு முன், ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவக் குழி வெட்டி, குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகச் சீவி மண் எடுங்கள். வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் கூடாது. எல்லாவற்றையும் கலந்து, பரப்பி, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைக் கழித்துக்கொண்டே வந்து அரைக் கிலோவாக்கி, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கொடுங்கள். அங்ககக் கரிமம் 0.5 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் குறைவு, 0.75-க்குமேல் என்றால் நல்ல நிலை.

ஓராண்டில் இந்த எண் ஏறாது. தக்கைப்பூண்டு இளந்தழை, வேகமாகக் கரைந்து பயிருக்குச் சத்தாகிவிடுகிறது, மண்ணில் தங்குவது கொஞ்சம்தான். கரிமத்தை ஏற்ற வேண்டுமானால் மெதுவாக மட்கும் பொருளும் உடன் வேண்டும்: அறுவடை இயந்திரம் விட்டுப்போகும் தாளைக் கொளுத்தாமல் உழுவது, இரண்டாண்டுக்கு ஒருமுறையாவது தொழுவுரம், வரப்பில் நிற்கும் கிளைரிசிடியா மரத்தழையை வெட்டிப் போடுவது. பசுந்தாளால் முதல் ஆண்டே தெரியும் மாற்றம் வேறு இடத்தில்: சேற்றுழவு இலகுவாகும், காய்ந்த களி பாளமாக வெடிப்பதற்குப் பதில் உதிரும்.

ஊரோடு சேர்ந்து விதைப்பது

சுற்றிலும் வெற்றுத்தரையாக இருக்க ஒரே ஒரு வயல் பச்சையாக நின்றால் ஊர் ஆடெல்லாம் அங்கேதான் வரும். தக்கைப்பூண்டு கைவிட்டுப்போவதற்குப் பூச்சியைவிட மேய்ச்சல் பெரிய காரணம். ஒரே வாய்க்காலில் பாயும் பத்துப் பதினைந்து பேர் ஒரே வாரத்தில் விதைத்தால் காவலுக்கு ஓர் ஆள் போதும், தண்ணீர் முறையும் சண்டையில்லாமல் அமையும், டிராக்டரும் ஒரே நடையில் வந்து முடித்துப் போகும். ஆடு வைத்திருப்பவர்களிடம் விதைப்புக்கு முன்பே பேசி, மேயவிடும் பகுதியைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும்.

குத்தகைக்காரர்கள் தயங்குவது நியாயம். செலவு இந்த ஆண்டு, பலனில் ஒரு பங்கு அடுத்த ஆண்டு, அப்போது நிலம் யார் கையில் என்று தெரியாது. விதைச் செலவையும் மடக்கு உழவுக் கூலியையும் நிலக்காரர் ஏற்றுக்கொண்டால் இந்தத் தயக்கம் தீரும், மண் அவருடையதுதானே. 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட 'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உர விதை மானியத்தில் வழங்கப்பட்டது. உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் இருப்பைச் சித்திரையிலேயே கேட்டு வையுங்கள், ஆனிக் கடைசியில் போனால் தீர்ந்திருக்கும்.

மானியம் வராத ஆண்டுக்கும் விதை வேண்டும். மேட்டு வரப்பிலோ வயல் மூலையிலோ நாலைந்து சென்ட் அளவுக்குச் செடியை மடக்காமல், இரண்டடி இடைவெளிக்குக் கலைத்து விட்டுவிடுங்கள். காய் ஒரே நேரத்தில் முற்றாது, முற்றியது வெடித்துச் சிதறும். மூன்றில் இரண்டு பங்கு காய் பழுப்பானதும், பனி உலராத காலையில் அறுத்து, தார்ப்பாயில் காயவைத்துக் கம்பால் தட்டி எடுங்கள். பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடையும்வரை உலர்த்தி, காற்றுப்புகாத டிரம்மில் மூடி வையுங்கள். ஈரத்தோடு சாக்கில் கட்டினால் வண்டு ஓட்டையிட்டுவிடும்.